நடுவில் ஒரு புறம்போக்கு

தமிழ்க் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு பெயருக்குத்தான் சண்டை. அதே குழந்தை அமெரிக்காவில் பிறந்தால் சண்டை இரண்டு. முதல் பெயரைப் பெற்றவர்கள் இருவரும் ஐந்தாம் மாதமே முடிவு செய்து, யாரிடமும் மூச்சு விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். கடைசிப் பெயரை அப்பாவின் பாஸ்போர்ட் முடிவு செய்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: மிடில் நேம். அது பட்டா இல்லாத புறம்போக்கு. புறம்போக்கைக் கண்டால் நம்மவர்கள் வேலி போடாமல் விடுவார்களா?

நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனில் குடியிருக்கும் கும்பகோணத்துப் பையனுக்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்கும் பிறக்கப்போவது ஆண் என்று ஸ்கேனில் தெரிந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேலி போடும் வேலை தொடங்கியது. அங்கே பிறக்கும் முன்பே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்கள்; அதனால் சண்டைக்குத் தாராளமாக அவகாசம் கிடைத்தது. இதை எழுதுபவர் தூரத்து உறவு என்ற தகுதியில் அந்தக் குழுவில் ஓர் ஓரமாக இருப்பவர். எல்லாவற்றையும் படிப்பார், எதற்கும் பதில் போடமாட்டார்.

பையனின் அப்பா, அதாவது கும்பகோணத்துத் தாத்தா, தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மதத்தில் படிவத்தின் கட்டத்தைக் காலியாக விடுவது பஞ்சமாபாதகங்களுக்கு அடுத்த ஆறாவது.

"அப்பா, அது கட்டாயம் இல்ல. காலியா விட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றான் மகன்.

"காலியா விட்ட கட்டத்துல எவன் வேணா எதை வேணா எழுதுவான்டா. நான் பார்க்காததா? குறைஞ்சபட்சம் 'பொருந்தாது'ன்னாவது எழுது. இல்லேன்னா ஒரு கோடு போடு."

அமெரிக்காவில் கோடு போட்டால் கோடே பெயராகிவிடும் ஆபத்து உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அந்நாட்டு ராணுவத்தில் நடுப் பெயர் இல்லாதவர்களுக்கு 'நோ மிடில் நேம்' என்பதன் சுருக்கமாக என்.எம்.என். என்று குறிப்பது வழக்கம். அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு கதை உலவுகிறது. ஆர்.பி.ஜோன்ஸ் என்று ஒரு சிப்பாய். ஆர் என்பதும் பி என்பதும் எதன் சுருக்கமும் இல்லை, வெறும் எழுத்துகள்தான். அதைத் தெளிவாக்குவதற்காக 'ஆர் ஒன்லி, பி ஒன்லி' என்று எழுதிக் கொடுத்தாராம். சம்பளப் பட்டியலில் வந்து விழுந்த பெயர்: ரோன்லி போன்லி ஜோன்ஸ். நடந்ததோ இல்லையோ, ரேஷன் கார்டில் தன் பெயரைத் தேடிப் பார்த்த எந்தத் தமிழருக்கும் இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

இந்த நடுப் பெயர் என்னவோ ஆதாம் காலத்திலிருந்து வெள்ளைக்காரர்களிடம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். இல்லை. ஷேக்ஸ்பியருக்கு அது கிடையாது. ஐசக் நியூட்டனுக்குக் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் கேம்டன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர், இரண்டு பெயர் வைத்துக்கொள்வது இங்கிலாந்தில் அபூர்வம் என்று எழுதி, உதாரணத்துக்கு அரசர், இளவரசர் உட்பட ஒரு சிலரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் முதல் ஐந்து ஜனாதிபதிகள் வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ. ஐவருக்கும் நடுக் கட்டம் காலி. அவர்களுடைய மனுவை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

ஆறாவதாக வந்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். நடுப் பெயரோடு வெள்ளை மாளிகைக்குள் நுழைந்த முதல் ஆள். அவர் 1767 ஜூலை 11ஆம் தேதி பிறந்தபோது, அவருடைய அம்மா அபிகெய்லின் தாத்தா ஜான் குவின்சி மரணப் படுக்கையில் இருந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த அம்மாவின் அம்மா, குழந்தைக்கு அவர் பெயரை வைக்கச் சொன்னார். வைத்தார்கள். கொள்ளுத் தாத்தா இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தார். பெயர் வெள்ளை மாளிகை வரை போயிற்று. பிரசவம் பார்க்க வரும் பாட்டியின் பேச்சை எந்த நாட்டிலும் தட்ட முடிவதில்லை.

இந்தத் தகவலைக் குழுவில் போட்டது எடிசன் மருமகள். போட்டதற்குக் காரணம் இருந்தது. பிரசவம் பார்க்க விசா வாங்கிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து வரவிருந்தவர் அவளுடைய அம்மா. வீட்டில் எல்லோருக்கும் அவர் ஆச்சி.

கும்பகோணத்துக் கட்சியின் கோரிக்கை எளிமையானது: நடுவில் தாத்தாவின் அப்பா பெயர் வர வேண்டும். கடைசியில் ஏற்கெனவே தாத்தா பெயர் இருந்தது. அமெரிக்கா போகும்போது பையனுடைய பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள். இனிஷியலாக ஒற்றை எழுத்தில் ஒடுங்கிக் கிடந்த தாத்தா, கடல் தாண்டியதும் முழு எழுத்தில் விரிந்து, குடும்பப் பெயராகவே ஆகிவிட்டார். இப்போது பேரனுக்கும் அதுவே கடைசிப் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேரனின் பெயரைக் கும்பகோணத்தில் யாராவது நம் வழக்கப்படி படித்தால், அவனைத் தாத்தாவின் மகன் என்றுதான் நினைப்பார்கள். அதாவது அவன் தன் அப்பாவுக்கே தம்பி. பெற்ற அப்பனின் பெயர் சான்றிதழில் குழந்தையின் பெயருக்குள் எங்கேயும் கிடையாது. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. குழந்தைக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டுவது மட்டும் அவன்.

ஆக, தாத்தாவுக்கு ஓர் இடம், தாத்தாவின் அப்பாவுக்கு ஓர் இடம். ஆச்சி வீடியோ அழைப்பில் வந்தார்.

"முதப் பேரு புள்ளைக ரெண்டு பேரு இஷ்டம். கடேசிப் பேரு சம்பந்தி பேரு. நடுவுல உள்ளதையாவது எங்களுக்கு விடப்பிடாதா?"

அவர் கேட்டது ஒரே பெயர்: சுடலை. குலதெய்வத்தின் பெயர். மறைந்துபோன அவருடைய வீட்டுக்காரரின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கும்பகோணத்தில் சிறிது நேரம் அமைதி நிலவியது. வாட்ஸ்அப்பில் அமைதி என்றால் யாரோ நீளமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

உண்மையில் ஆச்சியின் பக்கம் பலமான சான்று இருந்தது. அமெரிக்கர்கள் நடுக் கட்டத்தை அம்மா வீட்டுக்கு ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். ஜான் ஃபிட்ஜெரால்டு கென்னடியின் ஃபிட்ஜெரால்டு அம்மா வீட்டுப் பெயர். அம்மாவின் அப்பா ஜான் ஃபிட்ஜெரால்டு பாஸ்டன் நகரத்தின் மேயராக இருந்தவர். ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் அம்மா சாரா டெலனோ. லிண்டன் பெய்ன்ஸ் ஜான்சனின் அம்மா ரெபேக்கா பெய்ன்ஸ். ரிச்சர்ட் மில்ஹவுஸ் நிக்சனின் அம்மா ஹன்னா மில்ஹவுஸ். கட்சி வேறுபாடு இல்லாமல் நான்கு ஜனாதிபதிகள். ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியரின் முழுப் பெயர் ரிச்சர்ட் டிஃபனி கியர். டிஃபனி என்றால் இன்று பெண் குழந்தையோ நகைக்கடையோதான் நினைவுக்கு வரும். அது அவருடைய அம்மாவின் வீட்டுப் பெயர். மனிதர் எழுபது வயதைத் தாண்டியும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் மருமகள் ஒரே பதிவாகப் போட்டாள். மாமனார் ஒரு கைகூப்பு படத்தைப் பதிலாக அனுப்பினார். அதை ஒப்புதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், விடைபெறுவதாகவும் எடுத்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸ் பழக்கம்.

சமரசத்துக்கு முயன்றது சென்னைப் பெரியப்பா. அவர் கொண்டுவந்தது ட்ரூமன் தீர்வு. அமெரிக்காவின் 33வது ஜனாதிபதி ஹாரி எஸ்.ட்ரூமன் 1884இல் மிசௌரி மாநிலத்தின் லாமரில் பிறந்தார். அப்பாவின் அப்பா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன். அம்மாவின் அப்பா சாலமன் யங். ஷிப்பா, சாலமனா என்ற கேள்வி வந்தது. இரண்டுமே எஸ் எழுத்தில் தொடங்குவதைப் பெற்றோர் கவனித்தார்கள். 'எஸ்' என்று ஒற்றை எழுத்தை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டார்கள். எந்தத் தாத்தா கேட்டாலும் "உங்கள் பெயர்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம். உலகப் போரை முடித்துவைத்த ஜனாதிபதியைப் பெற்றவர்கள் வீட்டுப் போரை இப்படி முடித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வேறு ஒரு சண்டை கிளம்பியது: எதன் சுருக்கமும் இல்லாத எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைக்கலாமா? பத்திரிகை அலுவலகங்கள் இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டன. அவர் கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைத்தே போட்டிருக்கிறார் என்பதால் புள்ளி நிலைத்துவிட்டது.

பெரியப்பாவின் யோசனை கேட்க நன்றாக இருந்தது. ஒரே குறை, இந்த இரண்டு தாத்தாக்களின் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கவில்லை. "இனிஷியல்தான் நம்ம ஊர்லயே கொட்டிக் கிடக்கே, அதுக்கு அமெரிக்கா எதுக்கு?" என்றும் ஓர் அத்தை கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் கும்பகோணத்துத் தாத்தாவின் மனத்தைத் தொட்டது யுலிசிஸ் கிராண்ட் கதைதான். 18வது ஜனாதிபதியின் பிறவிப் பெயர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். 1839இல் அவரை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குச் சிபாரிசு செய்த காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் ஹேமர், பெயரை 'யுலிசிஸ் எஸ்.கிராண்ட்' என்று எழுதி அனுப்பிவிட்டார். அம்மாவின் வீட்டுப் பெயர் சிம்ப்சன் என்பதால் எஸ் வந்திருக்கலாம் என்கிறார்கள். பையன் போய்த் தன் பெயர் அது இல்லை என்று சொல்லிப் பார்த்தான். ஏட்டில் ஏறியது ஏறியதுதான். கடைசியில் அவரே தோற்றுப்போய் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். காதலி ஜூலியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், என் பெயரில் ஒரு எஸ் இருக்கிறது, அது எதைக் குறிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, நீயே ஒரு பெயர் கண்டுபிடித்துக் கொடு என்ற பொருளில் கேட்டிருக்கிறார். உள்நாட்டுப் போரில் வென்ற தளபதி ஓர் எழுத்தரிடம் தோற்றவர். இதைப் படித்த தாத்தா, "ரெக்கார்டுன்னா அதுதான் ரெக்கார்டு" என்று பெருமிதத்தோடு பதில் போட்டார்.

நம்மவர்களுக்கு இந்தக் கட்டம் தரும் தொல்லை கொஞ்சமல்ல. ஒற்றைப் பெயரும் ஒரு இனிஷியலுமாகப் பிறந்து வளர்ந்தவர்கள் அமெரிக்க விசாவுக்குப் போனால், பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் காலியாக இருக்கும். விசாவில் அந்த இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துத் தருவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். பிறகு வங்கியிலிருந்தும் தொலைபேசி நிறுவனத்திலிருந்தும் 'அன்புள்ள ஃப்னு' என்று கடிதம் வரத் தொடங்கும். ஒரே சமயத்தில் எத்தனையோ ஃப்னுக்கள் அந்த நாட்டில் வேலை பார்க்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றே அறிவித்துவிட்டது. மலேசியத் தமிழர்கள் வேறு வழி கண்டவர்கள். அங்கே மகன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்று இருக்கும்; மகன் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம். சிங்கப்பூரில் எஸ்/ஓ. விமானச் சீட்டில் சாய்கோடு அடிக்க முடியாது என்பதால் அந்த 'ஏஎல்' வெறும் எழுத்தாகப் பெயரோடு ஒட்டிக்கொண்டு பறக்கும். நடுப் பெயர் வைக்காமலேயே நடுப் பெயர் கிடைத்தவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் பிறந்த நம் பிள்ளைகளின் நடுப் பெயர்களைப் பார்த்தால் பெற்றோரின் மனக்கணக்கு தெரியும். 2024 தேர்தலுக்காகக் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. முழுப் பெயர் விவேக் கணபதி ராமசாமி. கணபதியும் அப்பாவின் பெயரிலிருந்து வந்தது, ராமசாமியும் அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. கும்பகோணத்துத் தாத்தாவின் கட்சி. கமலா ஹாரிஸ் பெண்தான், ஆனாலும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1964இல் ஓக்லாந்தில் பிறந்த அவருக்கு முதல் பெயர் கமலா, நடுப் பெயர் தேவி. கடைசிப் பெயர் மட்டும் ஜமைக்கா அப்பாவுடையது. மூன்றில் இரண்டு அம்மா பக்கம். அவருடைய தாய்வழித் தாத்தாவின் பூர்வீகமான துளசேந்திரபுரம் மன்னார்குடி பக்கம்தான். கும்பகோணத்திலிருந்து போய் வந்துவிடலாம். "அங்கன இருந்து போன புள்ளைக்கே அம்மா வீட்டுப் பேரு இருக்குல்லா?" என்று ஆச்சி கேட்டதற்குத் தாத்தாவால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னும் இரண்டு பேர் உண்டு. எழுத்தாளரும் நடிகையுமான மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர். கேலிங் என்பது சொக்கலிங்கத்தின் வால். பிறவிப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். பெற்றோர் நைஜீரியாவில் இருந்தபோது பார்த்த அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் நாயகி மிண்டி. முதல் பெயரை யாரும் கூப்பிடவே இல்லை. நடுப் பெயர்தான் நிலைத்தது. இயக்குநர் எம்.நைட் ஷியாமளன் 1970இல் புதுச்சேரி ஒன்றியப் பகுதியான மாஹேயில் பிறந்தவர், தாய் தமிழர். பெற்றோர் வைத்தது மனோஜ் நெல்லியாட்டு ஷியாமளன். நெல்லியாட்டு என்பதை அமெரிக்க நாக்கில் ஏற்ற முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, கல்லூரிக் காலத்தில் அவரே 'நைட்' என்று ஒன்றைப் போட்டுக்கொண்டார். பேய்ப் படம் எடுப்பவருக்கு அது பொருத்தமாகவும் அமைந்தது. பெற்றோர் எத்தனை மாதம் சண்டை போட்டு வைத்தாலும் பிள்ளை வளர்ந்து அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பதற்கு இவர் ஒருவரே போதும். ஜனாதிபதிகளிலும் இப்படி உண்டு. ஐசனோவர் பிறந்தபோது டேவிட் ட்வைட். அப்பா பெயரும் டேவிட் என்பதால் குழப்பம் வந்து ட்வைட் டேவிட் ஆனார். உட்ரோ வில்சனின் முதல் பெயர் தாமஸ், கால்வின் கூலிட்ஜின் முதல் பெயர் ஜான். ஊருக்குத் தெரிந்தது நடுப் பெயர்தான்.

நடுப் பெயர் வம்பிழுத்த கதையும் உண்டு. பராக் உசேன் ஒபாமாவின் நடுப் பெயரை 2008 தேர்தலில் எதிரணிக் கூட்டங்களில் சிலர் அழுத்தி அழுத்திச் சொன்னார்கள். நான் ஜனாதிபதி தேர்தலில் நிற்பேன் என்று நினைத்துப் பார்க்காத யாரோ வைத்த பெயர் அது என்று அவரே ஒரு விருந்தில் கேலி செய்தார். உண்மையில் அது அவருடைய அப்பாவின் பெயரிலும் இருந்தது, தாத்தாவின் பெயரிலும் இருந்தது. நம் ஊர் இனிஷியல் செய்வதைத்தான் கென்யாவில் முழு எழுத்தில் செய்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் பஞ்சாங்கக் கட்சி ஒன்று உருவாகியிருந்தது. கும்பகோணத்துப் பாட்டி தலைவி. எட்டாம் மாதத்திலிருந்தே அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நட்சத்திரப்படி எழுத்து வர வேண்டும், முதல் பெயரில் வராவிட்டால் நடுப் பெயரிலாவது வர வேண்டும் என்று. குழந்தை பிறந்தது. எடிசன் நேரத்தை இந்திய நேரமாக்கிப் பார்ப்பதா, எடிசனிலேயே பஞ்சாங்கம் கணிப்பதா என்று ஒரு துணைச் சண்டை நடந்து முடிந்தபின் முடிவு வந்தது: திருவாதிரை, மூன்றாம் பாதம். திருவாதிரையின் நான்கு பாதங்களுக்கும் உரிய எழுத்துகள் கு, க, ங, ச.

மூன்றாம் பாதத்துக்கு ங.

தமிழில் ங எழுத்தில் தொடங்கும் பெயரை யாரும் கேட்டதில்லை. தமிழாசிரியர்களே அந்த எழுத்தைக் கண்டால் சட்டென்று அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். பாட்டி மட்டும் பின்வாங்கவில்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா மகள்தான் விடை கண்டுபிடித்தாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் வியட்நாமியர்கள். அவர்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர் ங்குயென். சரியாக ங ஒலியில்தான் தொடங்குகிறது. பஞ்சாங்கத்துக்கு நூறு சதவீதம் பொருந்தும் பெயர் அது ஒன்றுதான் என்று அவள் குழுவில் தெரிவித்தாள். பஞ்சாங்கக் கட்சி அன்றோடு கலைந்தது.

எண் கணிதக் கட்சி சற்று நேரம் தாக்குப்பிடித்தது. ஜெயலலிதாவே 2001இல் ஆங்கிலத்தில் தன் பெயரின் கடைசியில் இன்னொரு ஏ சேர்த்துக்கொண்டார் என்று மதுரை மாமா நினைவுபடுத்தினார். ஆங்கிலத்தில் சுடலை என்று எழுதி, எத்தனை ஏ போட்டால் எண் சரியாக வரும் என்று கணக்கும் அனுப்பினார். மாமா சொன்ன எழுத்துகளோடு அமெரிக்க நர்ஸ் ஒருத்தி படித்தால் அது ஏதோ ஸ்பானிஷ் சாப்பாடு என்றுதான் நினைப்பாள்.

பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னது மட்டும் உருப்படியான யோசனை. கிராண்டின் அசல் பெயரான ஹைரம் யுலிசிஸ் கிராண்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'கட்டிப்பிடி' என்று வரும். ராணுவக் கல்லூரியில் பெட்டியின் மேல் அதை எழுதிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அவர் பயந்ததாகவும் சொல்வார்கள். இந்த வீட்டில் பரிசீலனைக்கு வந்த ஒரு சேர்க்கை ஏ.டி.எம். என்று முடிந்தது. ஆயுள் முழுவதும் பையனிடம் எல்லோரும் பணம் கேட்பார்கள் என்று அது நிராகரிக்கப்பட்டது.

நடு எழுத்தால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வைனண்ட் வான் டில்பர்க், எரிக் இகு என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை பற்றிய ஒரே கட்டுரையை டேவிட் கிளார்க் எழுதியதாகச் சிலரிடமும், டேவிட் எஃப்.கிளார்க், டேவிட் எஃப்.பி.கிளார்க், டேவிட் எஃப்.பி.ஆர்.கிளார்க் எழுதியதாக மற்றவர்களிடமும் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நடுவில் இனிஷியல் இருந்தபோது அதே கட்டுரைக்கு மதிப்பெண் கூடியது. படிப்பு சார்ந்த விஷயத்துக்கு மட்டும்தான் இது. விளையாட்டுக்கு ஆள் எடுக்கும்போது இனிஷியலால் பயனில்லை. ஏ.பி.ஜே. என்றும் சி.வி. என்றும் பெயருக்கு முன்னால் அடுக்கிய ஊருக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டுமா? ஹாரி பாட்டர் எழுதிய ஜோன் ரோலிங்குக்கு நடுப் பெயரே கிடையாது. பெண் எழுதிய புத்தகம் என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பகம் பயந்து இரண்டு இனிஷியல் கேட்டது. பாட்டி கேத்லீனின் பெயரிலிருந்து ஒரு கே எடுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், ஜே.கே.ரோலிங்.

நன்றிக் கடனுக்காக வைக்கும் பெயர்களையும் கொஞ்சம் பேசினார்கள். பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் 2020 ஏப்ரலில் கோவிட் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்த் திரும்பினார். அதே மாதக் கடைசியில் பிறந்த மகனுக்கு வில்ஃப்ரெட் லாரி நிக்கோலஸ் என்று பெயர். வில்ஃப்ரெட் அப்பாவின் தாத்தா, லாரி அம்மாவின் தாத்தா, நிக்கோலஸ் ஜான்சனைக் காப்பாற்றிய நிக் என்ற பெயருள்ள இரண்டு டாக்டர்கள். இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் ஆளுக்கொரு பெயர், மீதி ஆஸ்பத்திரிக்கு. ராஜதந்திரம் என்றால் இது. எடிசன் தம்பதியும் இரண்டு நடுப் பெயர் வைத்திருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். இரண்டாவது இடம் உண்டு என்று தெரிந்தால் மூன்றாவது கட்சி கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உண்மையான கஷ்டம் வேறு. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், ஆனால் கூப்பிட மாட்டார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த காலத்தில், அந்தப் பெயர் வைத்த பிள்ளையைத் தம்பி, ராசா, சின்னையா என்று வேறு எதையாவது சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அடித்துத் திட்ட வேண்டுமானாலும் அதே சிக்கல். ஆக, ஏட்டில் ஒன்று, வாயில் ஒன்று என்ற ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. யாரும் கூப்பிடாத பெயரை அமெரிக்கர்கள் நடுக் கட்டத்தில் வைத்தார்கள். நாம் முதல் கட்டத்திலேயே வைத்தோம்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் படிவம் வந்தது. வீடு திரும்பும் முன் நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். குழந்தையின் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கும் அதிலேயே விண்ணப்பித்துவிடலாம். மகன் கும்பகோணத்துக்குப் போன் போட்டான். தாத்தாவுக்கு அப்போது விடியற்காலை.

"மாமா, நான் பேசறேன்" என்று மருமகள் போனை வாங்கிக்கொண்டாள். "கடைசில உங்க பேர் இருக்கு. அது அவன் பிள்ளைங்களுக்கும் போகும். எங்கப்பா பேர் இந்தத் தலைமுறையோட நின்னுடும். நடுவுல அவருக்கு ஓர் இடம் குடுங்க."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலைமை எழுத்தர் குரலில் கேட்டார்: "ஸ்பெல்லிங் என்ன போடப்போறேம்மா? அடித்தல் திருத்தல் இல்லாம எழுது."

சுடலை நடுவில் ஏறிற்று. எண் கணித ஏக்கள் எதுவும் இல்லாமல், மதுரை மாமாவின் ஆட்சேபத்தோடு.

அதற்குப் பின்னால் தெரியவந்த விஷயங்கள் சில உண்டு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விதிப்படி, ஒருவரின் சட்டப்பூர்வமான பெயர் என்பது முதல் பெயரும் கடைசிப் பெயரும்தான். நடுப் பெயர் அதில் சேர்த்தியே இல்லை. அட்டையில் அச்சிடுவார்கள், முதல் பெயரும் நடுப் பெயரும் சேர்ந்து 26 எழுத்துக்குள் இருந்தால். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் நடுப் பெயருக்கென்று தனிக் கட்டமே கிடையாது. 'கிவன் நேம்ஸ்' என்ற ஒரே இடத்தில் முதல் பெயரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டிலும் அப்படியே. விமானச் சீட்டில் முதல் பெயரும் நடுப் பெயரும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, கடைசியில் ஒரு 'எம்ஆர்' சேர்ந்து, எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லாக வெளியே வரும். குடும்பமே மாதக்கணக்கில் வேலி போட்ட நிலம் வரைபடத்திலேயே இல்லை. இதை யாரும் தாத்தாவுக்குச் சொல்லவில்லை. இதை எழுதுபவரும் குழுவில் போடுவதாக இல்லை.

வெளிநாட்டில் பேரன் பிறக்கப்போகிற தந்தைவழித் தாத்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் புண்ணியத்தில் கடைசிக் கட்டம் ஏற்கெனவே உங்களுடையதுதான். நடுக் கட்டத்தைச் சம்பந்தி வீட்டுக்கு விட்டுக்கொடுங்கள். கேட்கும் முன்பே கொடுத்துவிட்டால் பெருந்தன்மை என்ற பெயரும் வரும்; எப்படியும் பிரசவத்துக்கு வந்திருக்கும் ஆச்சி அதை வாங்காமல் ஊர் திரும்பப் போவதில்லை.